வன்னியில் ஐந்து நாட்கள்: என் மாணவியின் தேர்வுக்காக ஒரு பயணம்

முதல் நாள், வெள்ளி

சென்னையில் ஏறி, ஒரு தூக்கம் போடுவதற்குள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கிவிட்டேன். 2010-இல் இலங்கையின் வடக்கே இருக்கும் இதே வன்னிக்கு வர முதலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வேனில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வந்தோம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வவுனியா பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன்.

எதற்காக வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலூர் பக்கம். இந்திய ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸில் 24 வருஷம் வேலை பார்த்து நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றேன். 2009-இல் இங்கே போர் முடிந்ததும், இந்திய அரசின் செலவில் முன்னாள் ராணுவத்தினர் சிலர் மிதிவெடி அகற்ற வந்தார்கள். அந்தக் குழு ஒன்றில் நான் பயிற்சியாளர். உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. அப்படி 2010-இல் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்குத் திங்கட்கிழமை பதவி உயர்வுத் தேர்வு. எங்கள் குழு ஊர் திரும்பிய பிறகு அவர் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார், செக்‌ஷன் லீடர் ஆனார். இப்போது பீல்ட் சூப்பர்வைசர் பதவிக்கு நிற்கிறார். எங்கள் கணக்கில் சொன்னால் ஹவில்தாரிலிருந்து நாயப் சுபேதார் ஆவது. ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய படி கிடையாது. போனில் அவர் செய்தி சொன்ன அன்று ராத்திரியே டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

"என்ரை பேரைப் போடாதேங்கோ சேர்" என்று கேட்டுக்கொண்டதால் இந்தத் தொடர் முழுக்க அவரைப் பிள்ளை என்றே எழுதப் போகிறேன். இங்கே வயதில் சின்னவர்களைப் பாசமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முகமாலையில் பஸ் வேகமாகப் போனதும் எனக்கு மனசு நின்றுவிட்டது. வருஷக்கணக்காக இரண்டு பக்கப் படைகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த முன்னரங்கு இது. இரண்டு தரப்பும் மிதிவெடி புதைத்த இடம். இலங்கை ராணுவத்தின் பீ-4 உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. புலிகள் செய்த ஜொனி மரப்பெட்டி, ரங்கன் பிளாஸ்டிக். மரம் உக்கிப் போனாலும் உள்ளே இருப்பது உக்காது. தலை போன பனைகளுக்கு நடுவே இளந் தென்னைகள் காற்றில் ஆடுகின்றன, பக்கத்திலேயே ரயில் பாதை. 2014-இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரை போனதே, அந்தத் தண்டவாளம் போட்ட நிலத்தையும் யாரோ முழங்காலில் நின்று சாண் சாணாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ரயிலில் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனையிறவில் உப்பளம் வெள்ளையாகக் கண் கூசியது. மூன்றரை மணிக்குக் கிளிநொச்சி. அறை எடுத்துக் குளித்துப் படுத்தேன். சோளகக் காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள், சனி

பரந்தன் தாண்டி, முல்லைத்தீவுச் சாலையில் உள்ளே போகிற ஒரு கிராமம். பிள்ளையின் மகன் சைக்கிளில் சந்திவரை வந்து அழைத்துப் போனான். நான் முதலில் பார்த்தபோது அம்மாவின் இடுப்பில் இருந்தவன், இப்போது என்னைவிட உயரம். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான்.

வாசலில் பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். "வாங்கோ தம்பி, வெய்யிலுக்கை நிக்காதேங்கோ" என்றார். இந்தத் 'தம்பி' எனக்குச் சும்மா வரவில்லை. 2010-இல் முதல்முறை இவர்கள் கொட்டிலுக்குப் போனபோது, இந்திய ராணுவத்தில் இருந்தவன் என்று தெரிந்ததும் இந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் அப்ப வந்தனீங்களோ?" 1987-இலிருந்து 1990 வரை இங்கே எங்கள் ராணுவம் இருந்த காலத்தைக் கேட்கிறார். நான் வரவில்லை அம்மா, ஆனால் எங்கள் ஆட்கள் வந்தார்கள் என்றேன். நீண்ட நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீரை நான் எப்படிக் குடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். எங்கள் ராணுவத்தில் மெட்ராஸ் சேப்பர்ஸ்காரனுக்குச் செல்லப் பெயரே 'தம்பி' தான். அதை அவர் வாயால் கேட்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

பிள்ளை அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெயிலில் கறுத்து, கொஞ்சம் மெலிந்து, அதே நேர்ப்பார்வை. புட்டும் விரால் மீன் குழம்பும் சாப்பிட்டோம். முற்றத்தில் பாலைப்பழம் ஒரு கூடை. பசை உதட்டில் ஒட்டும், ஆனால் அந்த இனிப்புக்கு ஈடு கிடையாது.

சாப்பிட்டுவிட்டுப் பழைய கதை பேசினோம். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து வெளியே வந்து இரண்டு மாதத்தில் வேலைக்கு வந்தவர் இவர். கணவரை 2009-இல் தொலைத்தவர். ஆட்சேர்ப்பில் ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டோம். "எங்கடை காணிக்கை நான் போகவேணும். வேறை ஆரும் துப்பரவாக்கித் தருவினம் எண்டு எவ்வளவு நாள் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்றார். இப்படி வந்த பெண்கள் அன்றைக்குப் பலர். இன்றும் வன்னியில் மிதிவெடி வயலில் முழங்காலிடுகிறவர்களில் பெண்கள் நிறைய.

முதல் வகுப்பில் நான் வழக்கமாக எங்கள் சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொல்வேன். 1944 பிப்ரவரி, இத்தாலி. கண்ணிவெடி வயலில் ஒரு வெடி கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்து உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்றவர், எங்கள் மெட்ராஸ் சேப்பர். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் எங்கள் சென்டரில் இந்தக் கதை கேட்காமல் எவனும் பயிற்சி முடித்து வெளியே வரமாட்டான். வகுப்பில் சொல்லி முடித்தால் எப்போதும் அமைதியாக இருப்பார்கள். அன்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "சேர், அந்த வெடியை முதலே ஏன் காணேல்லை?"

எனக்கு அப்போது கொஞ்சம் கோபம் வந்தது. ராத்திரி படுத்தபோது, என் வகுப்பில் இதுவரை யாரும் கேட்காத சரியான கேள்வி அதுதான் என்று புரிந்தது. அடுத்த நாளிலிருந்து அவரைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு

இன்று பிள்ளை படிக்கட்டும் என்று மகனின் நண்பனுடைய ஆட்டோவில் மாங்குளம் போய், அங்கிருந்து ஒட்டுசுட்டான் சாலையில் திரும்பினேன். சாலைக்கு இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும். நான் வேலை செய்த காலத்தில் இந்தச் சாலையோரம் முழுக்க மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் தொங்கும். இன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நாங்கள் சுத்தம் செய்த ஒரு துண்டு நிலத்தைக் கண்டுபிடித்தேன். அடையாளம் ஒரு வளைந்த பாலைமரம். கீழே முழுக்கக் கச்சான், அதாவது நம்ம ஊர் வேர்க்கடலை. இரண்டு பெண்கள் வெறுங்காலோடு செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு! வரப்பில் உட்கார்ந்து வெகு நேரம் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா, "ஆரைத் தேடுறியள் ஐயா?" என்று கேட்டார். ஒருத்தரையும் இல்லை, கச்சான் நல்லா வந்திருக்கா என்று கேட்டேன். ஒரு கை நிறைய ஈரக் கச்சான் கொடுத்தார்.

இந்த நிலத்தில்தான் அந்தச் சம்பவம். அதை எழுதத்தான் வேண்டும்.

2011, நல்ல வெயில் காலம். பிள்ளை அப்போது சாதாரண டீமைனர், அதாவது மிதிவெடி எடுக்கிறவர். எங்கள் வேலையின் முறை இது: ஒரு மீட்டர் அகல லேன், குறுக்கே ஒரு தடி. தடிக்கு இந்தப் பக்கம் சுத்தமான நிலம், அந்தப் பக்கம் பார்க்காத நிலம். டிடெக்டரால் தேடி, சத்தம் வந்த இடத்தைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் தோண்டி, ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் தடி சில அங்குலம் முன்னே நகரும். ஓரங்களில் வெள்ளைத் தடி என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது. சூப்பர்வைசராக நான் முடிந்த பகுதியில் அங்கங்கே மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

அன்று காலை நான் அவருடைய லேனுக்குள் நடந்து போய், வெள்ளைத் தடிகளைப் பார்த்தபடி முழங்காலைத் தரையில் வைக்கப் போனேன். பின்னாலிருந்து, "சேர், நில்லுங்கோ!" திரும்பினேன். "காலை வைக்காதேங்கோ. ராத்திரி மாடு வந்திருக்கு. தடி அரக்கினமாதிரிக் கிடக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பத்துப் பேர் பார்க்கிறார்கள். "நான் இந்தத் தடியை 24 வருஷமா பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஓம் சேர். அளந்துபோட்டு வையுங்கோ" என்றார். அவருடைய சின்ன நோட்டுப் புத்தகத்தில் முதல் நாள் மாலை, அடையாளக் கல்லிலிருந்து தடி எத்தனை மீட்டர் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி வைத்திருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. டேப்பை இழுத்தோம். நாற்பது சென்டிமீட்டர் தள்ளியிருந்தது. மாடு சாய்த்த தடியைக் காலையில் யாரோ நல்லெண்ணத்தில் நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள், தள்ளி நட்டுவிட்டார்கள்.

தடியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தோம். அவரே வேலையைத் தொடர்ந்தார். நான் முழங்கால் வைக்கப் போன இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, மதியத்துக்குள் ஒரு பீ-4 எடுத்தார்.

அன்று மாலை எல்லோரையும் நிற்க வைத்து நடந்ததை நானே சொன்னேன். தவறு என்னுடையது, என்னை நிறுத்தியவர் இவர் என்றேன். சொல்லும்போது தொண்டை வறண்டது. ராணுவத்தில் கீழே இருப்பவன் மேலே இருப்பவனைத் தடுக்கிற பழக்கம் குறைவு. அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் பாடத்தை மாற்றினேன்: யார் சொன்னாலும், அளந்த பிறகுதான் கால்.

திரும்பும் முன் கற்சிலைமடுவில், வன்னியை ஆண்ட மன்னன் பண்டாரவன்னியன் நினைவிடத்தைப் பார்த்தேன். 1803 அக்டோபர் 31-இல் ஆங்கிலேயர் படையின் வான் ட்ரிபேர்க் அவரைத் தோற்கடித்த இடம் என்று ஜெயித்தவர்கள் நட்ட கல்லால் தெரியவந்த இடம். இன்று வருகிறவர்கள் எல்லோரும் தோற்றவருக்காகத்தான் வருகிறார்கள். ஒரு பழைய சிப்பாயாக அங்கே நிமிர்ந்து நின்று வணங்கினேன்.

மாலை பிள்ளை வீட்டுக்குப் போனபோது கரண்ட் இல்லை. நாளைக்குப் போடும் சீருடை கொடியில் தொங்கியது. அதைக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்று விழித்தார். 1990-களில் நான் நாயக்கிலிருந்து ஹவில்தார் ஆகும் தேர்வுக்கு முந்தின ராத்திரி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான என் உஸ்தாத், அதாவது எனக்குப் பயிற்சி கொடுத்தவர், பாரக்குக்கு வந்து, என் சட்டையை வாங்கிக் கஞ்சி போட்டுத் தன் கையால் தேய்த்துக் கொடுத்தார். சுபேதார் ஒருத்தர் நாயக்கின் சட்டையைத் தேய்ப்பதைப் பார்த்து பாரக்கே எழுந்து நின்றது. "நீ நாளைக்கு எங்கேயும் கசங்கியிருக்கக் கூடாதுடா" என்றார், அவ்வளவுதான். அவர் இப்போது இல்லை.

அம்மா உள்ளிருந்து பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். சிரட்டையை எரித்துக் கரி போட்டோம். இங்கே துணி தேய்ப்பதை மினுக்குவது என்கிறார்கள். "விடுங்கோ தம்பி, நீங்கள் பெரிய ஆள், நாங்கள் மினுக்கிறம்" என்று அம்மா இரண்டு தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லவில்லை. பனையோலை விசிறியால் கரியை வீசிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கைகளின் மடிப்பு, காலர், பொத்தான் பட்டி என்று அரை மணி நேரம். பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து லாம்பு வெளிச்சத்தில் குறிப்புகளைப் புரட்டினார். யாரும் பேசவில்லை.

நான்காம் நாள், திங்கள்

தேர்வு நடக்கும் இடத்துக்கு நான் வரக் கூடாது என்று பிள்ளை முன்பே சொல்லிவிட்டார். "நீங்கள் நிண்டால் நான் உங்களைத்தான் பாப்பன் சேர். அவையளைப் பாக்கமாட்டன்." சரி, நியாயம். காலை ஐந்தரைக்கு வெள்ளை லேண்ட் குரூசர் வந்து ஏற்றிப் போனது.

எனக்கு அறையில் இருப்புக் கொள்ளவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குப் போனேன். ஏ9 சாலையில் போகிற எந்த வண்டியும் நிற்காமல் போகாது. சின்னக் கோயில்தான். ஒரு தேங்காய் உடைத்தேன். என் ராணுவத் தேர்வு எதற்கும் நான் தேங்காய் உடைத்ததில்லை. வாசலில் வரிசையாகக் கச்சான் கடைகள், சூடான மணலில் வறுக்கிற வாசம். எங்கே விளைந்தது என்று ஒரு கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "முல்லைத்தீவுப் பக்கம்" என்றார். இரண்டு சரை வாங்கினேன்.

அப்புறம் இரணைமடுக் குளக்கட்டில் நடந்தேன். கீழே சிறுபோக நெல் பச்சையாகக் கிடந்தது. மணி பத்து, எழுத்துத் தேர்வு முடிந்திருக்கும். பதினொன்று, வரைபடமும் ஜி.பி.எஸ்ஸும். மதியம், அடிபட்டவரை வயலிலிருந்து வெளியே கொண்டுவரும் பயிற்சி. ஸ்ட்ரெச்சர் ஓடுகிற பாதை, மருத்துவர் நிற்கிற இடம், ரேடியோவில் முதலில் எதைச் சொல்வது என்று எல்லாவற்றையும் நானும் மனசுக்குள் ஒருமுறை செய்து பார்த்தேன். இருபத்தைந்து வயதில் என் தேர்வுக்குக்கூட இப்படி வியர்த்ததில்லை.

மாலை ஆறு மணிக்கு வந்தார். சட்டை முழுக்கச் செம்மண். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை கால் கழுவி, தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். எழுத்துத் தேர்வு பரவாயில்லை. வரைபடத்தில் ஒரு இடத்தில் தடுமாறி, தானே கண்டுபிடித்துத் திருத்தினார். காயக்காரர் பயிற்சி நேரத்துக்குள் முடிந்தது.

"பிறகு நேர்முகத்திலை ஒரு கேள்வி கேட்டவை சேர். மேலை இருக்கிறவர் சொல்லுறது பாதுகாப்பில்லை எண்டு உங்களுக்குத் தெரிஞ்சால் என்ன செய்வியள் எண்டு."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் அந்த மாட்டுக் கதையைச் சொன்னனான்" என்றார். கொஞ்சம் தயங்கினார். "உங்கடை பேர் சொல்லேல்லை. குறை நினைக்காதேங்கோ."

குறையா! என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறை, மூன்று அதிகாரிகள் முன்னால் ஒருத்தர் சொல்லியிருக்கிறார். எனக்கோ எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. "அதுக்கு என்ன சொன்னாங்க?" என்றேன்.

"அவர் பிறகு என்ன செய்தவர் எண்டு கேட்டவை. பின்னேரம் எல்லாரையும் கூப்பிட்டு வைச்சு அவரே சொன்னவர் எண்டன். அதிலை இருந்த ஒருத்தர் பேனையை வைச்சிட்டு, 'உங்கடை ஆக்களுக்கு நீங்கள் அப்பிடிச் சொல்லுவியளோ' எண்டு கேட்டார்."

"நீங்க?"

"ரெண்டு தரம் சொல்லியிருக்கிறன் எண்டன்."

அந்த இரண்டு தரம் எனக்குத் தெரியாது. என்ன தவறு, எப்போது என்று கேட்கவும் இல்லை. இருட்டில் முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா லாம்பைக் கொண்டுவந்து வைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, திரியைத் தணித்துவிட்டுப் போனார்.

முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். ஒரு இடத்துக்கு நான்கு பேர்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

மத்தியானம் பலாலியில் விமானம். ஆனாலும் விடியற்காலையிலேயே ஆட்டோ பிடித்து, அவர்கள் வண்டி ஏறும் சந்திக்குப் போனேன். தேர்வு முடிந்த மறுநாளும் பிள்ளைக்கு வேலை உண்டு. இலங்கை 2017-இல் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2028-க்குள் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. மிச்சமிருக்கும் நிலம் கஷ்டமான நிலம், லீவு போட யாருக்கும் மனசில்லை.

எட்டுப் பெண்களும் இரண்டு ஆண்களும் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றார்கள். லாரி வந்தது. ஏறுவதற்கு முன் பிள்ளை அவர்களை வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் ரத்த வகையையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். வயலில் ஒருத்தருக்கு அடிபட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு அது காகிதத்தைப் பார்க்காமல் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக 2010-இல் நான் கொண்டுவந்த பழக்கம் இது. இன்னும் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

பீ பாசிட்டிவ். ஓ பாசிட்டிவ். ஏ நெகட்டிவ். புதிதாக வந்த ஒரு சின்னப் பெண் மெதுவாகச் சொன்னாள். "கேக்கேல்லை, திருப்பிச் சொல்லு" என்றார் பிள்ளை. அவள் சத்தமாகச் சொன்னாள். கடைசி ஆள் முடித்ததும் பிள்ளை தன்னுடையதைச் சொன்னார். பிறகு சாலையோரம் பையோடு நின்ற என் பக்கம் திரும்பினார்.

"சேர், உங்கடை?"

பையைக் கீழே வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பெயரைச் சொன்னேன்.

"ஓ பாசிட்டிவ்."

"சரி, ஏறுங்கோ" என்று அவர்களிடம் சொன்னார். லாரி முகமாலைப் பக்கம் கிளம்பியது.